புதன்கிழமைப் பிள்ளைகளின் வாசல்

பூங்காத் துறையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் "கோடு போட்டேன்" என்பேன். செடி நட்டீர்களா, மரம் கத்தரித்தீர்களா என்று அடுத்து கேட்பார்கள். ஒன்றும் இல்லை, கோடு மட்டும்தான். என் கணவருக்கு இதில் இன்றுவரை சந்தேகம். "ஒரு கோடு போடறதுக்கு ஒரு மாசச் சம்பளமா?" என்று கேட்டுச் சிரிப்பார். அவர் தபால் நிலையத்தில் இருந்தவர். முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பாரிசிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நகரசபைகளில், நம் வாயில் 'மெரி'களில், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் சிலர் என் வீட்டுக்கு வந்து அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். பிரெஞ்சில் எழுதட்டுமா என்றேன். "பிரெஞ்சில எங்களுக்கு விதிமுறை கட்டுக்கட்டாக் கிடக்குது மதாம். நீங்கள் தமிழில எழுதுங்கோ, அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேக்கிறம்" என்றான் ஒருவன். நல்ல கதைதான்! சரி அம்மாக்களே, வாசிக்கிற நீங்களும் கேளுங்கள். இதில் உங்கள் ஆட்களும் வருகிறார்கள்.

வேலையை ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சின்னப் பூங்காவைச் சுற்றியும் மெரி ஒரு வட்டம் வகுத்தது. அந்த வட்டத்துக்குள் வசிப்பவர்களும் வேலை செய்பவர்களும் சேர்ந்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். பூங்காவை எப்போது திறப்பது, எந்த வாசலை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, ஊஞ்சல் எங்கே, பெஞ்சு எங்கே, எல்லாம் அந்தக் குழு சொல்வதுதான். கோட்டுக்கு உள்ளே இருந்தால் பேச வாய் உண்டு. வெளியே இருந்தால் வேடிக்கை பார்க்கலாம். அந்தக் கோட்டை வரைவது என் பொறுப்பு.

இந்தப் பிரிவுக்கு நான் மாறி வந்தது 2009-இல். எனக்கு வாய்த்த தலைவி என்னைவிடப் பத்து வயது இளையவள். நடந்தால் நாம் பின்னால் ஓட வேண்டும். பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. மேஜை மேல் எப்போதும் பாதி கடித்த ஆப்பிள் ஒன்று இருக்கும். மீதியை எப்போது தின்பாள் என்று நான் கண்டதே இல்லை.

நான் வரைந்த முதல் கோடு ஒரு தெருவின் நட்ட நடுவில் போனது. வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகு. தெருவின் நடுத் திட்டில் ஒரு பெஞ்சு இருந்தது. அதன் இரண்டு கால்கள் இந்த வட்டத்தில், இரண்டு கால்கள் அந்த வட்டத்தில். வசந்தம் வந்ததும் இந்த வட்டத்து ஆட்கள் அதற்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். அது காய்ந்ததும் அந்த வட்டத்து ஆட்கள் வந்து, தங்கள் குழு விரும்பிய சிவப்பை அடித்தார்கள். இவர்கள் விடுவார்களா? மறுபடியும் பச்சை. ஈரச் சாயம் என்று எழுதிய அட்டையை அடுத்தவர் வைப்பார் என்று இரண்டு பக்கமும் இருந்துவிட்டது. நல்ல வெள்ளை மேலங்கி போட்ட அம்மையார் ஒருவர் அதில் உட்கார்ந்து எழுந்தார். நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்.

அவர் போன பிறகு தலைவி கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு என்னை அந்தத் தெருவுக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வீடெல்லாம் எந்தப் பக்கம் பார்க்கிறது?"

"தெருவை."

"முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நீ அந்த முகங்களுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறாய். வீடுகளின் முதுகுப் பக்கம் போடு. அங்கேதான் யாரும் யாரோடும் பேசுவதில்லை."

அதோடு நிறுத்தவில்லை. "இனிமேல் கோடு போடுமுன் அந்த இடத்தில் ஒருவேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா" என்றாள். விதிமுறைக் கட்டில் எந்தப் பக்கத்திலும் இது கிடையாது. தேடாதீர்கள்.

லா ஷப்பலில் ஒரு சின்னப் பூங்காவின் முறை வந்தபோது அதைத்தான் செய்தேன். எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு லா ஷப்பல் என்றால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு மேத்ரோ ஏறுகிற இடம். கடை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கே ஒரு பூங்கா இருப்பதையே நான் அதுவரை கவனித்ததில்லை. ஒரு புதன்கிழமை புளிச்சோற்று டப்பாவோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். வடக்கு வாசல் அடுக்குமாடிக் கட்டடங்களின் பக்கம். தெற்கு வாசல் ஒரு ஒடுங்கிய கடைத்தெருவைப் பார்த்தது. அதற்கு இரும்புக் கதவு. கதவில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தொங்கிக்கொண்டிருந்தாள். காலால் ஒரு உந்து உந்துவாள். கதவு அவளோடு சேர்ந்து சுற்றி வந்து 'டமார்' என்று அடிக்கும். இறங்குவாள், மறுபடியும் ஏறுவாள். ஒவ்வொரு டமாருக்கும் என் மடியில் புளிச்சோற்று டப்பா குதித்தது.

உள்ளே எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். அப்போதெல்லாம் பிரான்சில் புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது அல்லவா? கடை இங்கே, வீடு கார்ஜ், ஓல்னே, பியர்ஃபித் என்று தள்ளியிருக்கும் புறநகர்களில். பிள்ளைகளை வீட்டில் தனியாக விட முடியாது, கடையில் அடைத்து வைக்கவும் இடமில்லை. ஆகவே எல்லோரையும் காலை ரயிலில் கூட்டி வந்து இந்தப் பூங்காவில் விட்டுவிடுகிறார்கள்.

தெற்கு வாசலுக்கு நேர் எதிரே ஒரு பூக்கடை. கடையை நடத்தியவள் பவானி, கார்ஜில் இருந்து வருகிறவள். கையில் நூல் ஓடிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் தெருவைத் தாண்டிப் பூங்காவுக்குள். கதவில் தொங்கியவளும் மண்தொட்டியில் புரண்டுகொண்டிருந்த நாலு வயதுப் பையனும் அவள் பிள்ளைகள்.

"வாங்கோ மதாம், இருங்கோ" என்று ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டாள். "இதிலை நிண்டு பாத்தா மண்தொட்டி நேரா தெரியும். சின்னவன் மண்ணை வாயிலை வைச்சாலும் தெரியும். பூவைக் கட்டிக்கொண்டே ஒரு சத்தம் போட்டனெண்டா துப்பிப்போடுவான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சத்தம் போட்டாள். அவனும் துப்பினான். நான் மேஜைக்குத் திரும்பி, கடைகளின் முதுகுப் பக்கமாகக் கோட்டை வரைந்தேன். கடைத்தெருவின் இரண்டு பக்கமும் வட்டத்துக்குள்.

ஆனால் பிள்ளைகளே, வரைவது நாம், முடிவு செய்வது மக்கள். இரண்டு பொதுக்கூட்டங்கள் நடக்க வேண்டும். பூங்காவைப் பயன்படுத்துகிற யாரும், எங்கே வசித்தாலும், வந்து பேசலாம். நமக்கு மட்டும் வாய் கிடையாது. என் கோடுதான் சரி என்று நான் வாதாட முடியாது. முதல் கூட்டத்துக்கு விதிப்படி கடைத்தெரு முழுவதும் அறிவிப்பு ஒட்டினோம். தமிழிலும் ஒட்டினேன். ஒவ்வொரு கடையாக ஏறிக் கையிலும் கொடுத்தேன். "கட்டாயம் வாறம் மதாம்" என்றார்கள் எல்லோரும். எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைத்தெருவிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வந்தவர்கள் வடக்குக் கட்டடத்து ஆட்கள் சிலரும், தெற்கு வாசலை ஒட்டிய வீட்டிலிருந்து ஓர் ஐயாவும், ஒரு நாயும்தான். வாசலுக்கு மேலேயே படுக்கையறை ஜன்னல் உள்ள அந்த முதல் மாடி ஐயா, நம் வாயில் 'முசியே', எழுந்தார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், நிமிர்ந்த உடம்பு, கறாரான பேச்சு. கோடு தெரு நடுவில் போகட்டும், கடைகள் வெளியே இருக்கட்டும், குழு அமைந்ததும் தெற்கு வாசலை நிரந்தரமாக மூடிவிடலாம் என்றார். மறுத்துப் பேச ஆளில்லை. அப்படியே பதிவானது. இரண்டாம் கூட்டத்தில் மாறாவிட்டால் அதுதான் கடைசி.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். மறுநாள் பூக்கடையில் போய் நின்றேன். "என்னம்மா பவானி, கட்டாயம் வர்றோம்னு சொன்னீங்களே, ஒருத்தர் தலை காட்டலையே!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆர் மதாம் சுவத்திலை ஒட்டினதைப் பாத்து வருவினம்? எங்கடை ஆக்கள் கலியாணத்துக்கே காட் மட்டும் அனுப்பினா வரமாட்டினம். வீட்டை போய் வாயாலை சொல்லோணும். கடையிலை வைச்சுச் சொன்னா அது யாவாரக் கதை, உடனை மறந்துபோடுவினம்."

நான் கூட்டத்தில் முடிவானதைச் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"வாசலைப் பூட்டுவினமோ?"

"கோடு மாறலைன்னா பூட்டிடுவாங்க. பிள்ளைங்க வடக்கால சுத்திதான் போகணும்."

"வடக்காலை போனா எனக்குக் கண்ணுக்குத் தெரியாதே." பாதி கட்டிய மாலையைக் கீழே வைத்தாள். "பிறகென்ன, கடையைக் குடுத்துப்போட்டு வீட்டிலை இருக்க வேண்டியதுதான். வேறை என்ன செய்யிறது? புதன்கிழமை, சனிக்கிழமை, லீவு நாளெல்லாம் இந்தப் பிள்ளையளை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

அந்தக் கடையை அவள் எப்படிப் பிடித்தாள் என்று அவள் சொல்லி எனக்குத் தெரியும். எத்தனையோ வருடம் அடுத்தவர் சமையலறையில் தட்டுக் கழுவிய பிறகு கிடைத்த சொந்த வாசல் அது.

"சரி, கிளம்பு. வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம்" என்றேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ரயில் ஏறிக் கார்ஜுக்குப் போனோம். அரசாங்க வேலையில் நான் அவ்வளவு சாப்பிட்டது அன்றைக்குத்தான். முதல் வீட்டில் வடையும் தேத்தண்ணியும். இரண்டாம் வீட்டில் புட்டும் மீன் குழம்பும். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது. மூன்றாம் வீட்டில் "அவை வீட்டை சாப்பிட்டனீங்கள், எங்கடை வீட்டை சாப்பிட ஏலாதோ?" என்று ஒரு கேள்வி. அங்கேயும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு வீட்டுக்குச் சொல்லி எதிர் வீட்டை விட்டால் இரண்டு வீடும் வராது என்று பவானி எச்சரித்ததால், மாடி மாடியாக ஒருவரையும் விடாமல் ஏறினோம். நான் வரவேற்பறையில் மென்றுகொண்டிருப்பேன்; பவானி சமையலறைக்குள் போய் வீட்டுப் பெண்களிடம் விளக்கம் சொல்வாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் என் வயிறு இல்லை.

இரண்டாம் கூட்டம் பூங்காவுக்குள்ளேயே நடக்க வேண்டும். அது நவம்பர் மாதத்துப் புதன்கிழமை. சாயங்காலம் ஆகும் முன்பே வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. மடக்கு நாற்காலிகளைப் போட்டு, மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்தேன். தலைவியும் வந்திருந்தாள். முதல் மாடி முசியே முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெற்கு வாசல் வழியாகக் கூட்டம் வரத் தொடங்கியது. பட்டுச்சேலை, அதன் மேல் தடித்த குளிர் ஜாக்கெட், காலில் ஸ்போர்ட்ஸ் சப்பாத்து, தலை நிறையப் பூ. ஆண்கள் கடை ஏப்ரனைக் கழற்றிவிட்டுத் தலை சீவி, சிலர் கோட்டு சூட்டில். வடைச் சட்டி ஒன்று, வாழைப்பழச் சீப்பு ஒன்று. கடைசியாக, எல்லோரும் அன்ரி, நம் பக்கத்து ஆன்ட்டி, என்றே கூப்பிடும் பியர்ஃபித்து அம்மா ஒருவர், மாவிலையும் தேங்காயும் வைத்த பித்தளை நிறைகுடத்தை இரண்டு கையிலும் ஏந்தி வந்தார். பின்னால் இருவர் ஆளுக்கொரு குத்துவிளக்கோடு.

தலைவி என் காதருகே குனிந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

நான் பவானியைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "என்னம்மா இது?"

"நிலையம் எடுக்கிறதெண்டா நிறைகுடம் வைக்காமல் எப்பிடி மதாம்?" என்றாள், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு.

அப்போதுதான் புரிந்தது. யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுமுன் காணியில் நல்ல நேரம் பார்த்து, விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, வீடு எங்கிருந்து எங்கே வரும் என்று அளந்து குறிப்பார்கள். அதற்கு நிலையம் எடுத்தல் என்று பெயர். பூங்காவுக்கு எல்லை வகுக்கும் கூட்டம் என்று சமையலறையில் நின்று பிரெஞ்சுச் சட்டமா விளக்க முடியும்? "லாசப்பல் பார்க்குக்கு நிலையம் எடுக்கினம், எல்லாரும் வாங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். நிலையம் என்றால் யார் வராமல் இருப்பார்கள்?

அன்ரி என் வரைபடத்தை நகர்த்திவிட்டு மேஜை மேல் நிறைகுடத்தை வைத்தார். விளக்குகளை இரண்டு பக்கமும் வைத்தார்கள். ஒருவர் எண்ணெய் ஊற்றத் தொடங்கினார். முசியே விருட்டென்று எழுந்தார்.

"இது அரசாங்க இடம். இங்கே மதச் சடங்கு கூடாது. இந்தக் கூட்டம் செல்லாது என்று எழுதிக்கொள்ளுங்கள்."

வடக்குக் கட்டடத்தார் தலையாட்டினார்கள். மதத்தை அரசு இடத்துக்குள் விடக்கூடாது என்பதில் இந்த நாடு எவ்வளவு கறார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவி என்னைப் பார்த்தாள். "சட்டப்படி அவர் சொல்வது சரி. கூட்டம் உன்னுடையது. நீ சொல்" என்றாள்.

கூட்டம் செல்லாது என்று எழுதினால் முதல் கூட்டத்துக் கோடே நிற்கும், வாசல் மூடப்படும், பவானி கடையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். விளக்கை எடுங்கள் என்று சொன்னால் அன்ரி எடுத்துக்கொண்டு போய்விடுவார், அவர் பின்னால் அத்தனை பட்டுச்சேலையும் போய்விடும், பேச ஆளிருக்காது. இரண்டுமே ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு பக்கம் அன்ரி, "நல்ல நேரம் முடியப்போகுது பிள்ளை, கெதியா, கெதியா" என்று அவசரப்படுத்துகிறார். இன்னொரு பக்கம் முசியே, எழுதுங்கள் எழுதுங்கள் என்கிறார்.

இப்படிப்பட்ட நேரத்தில் யார் சரி என்று யோசிக்காதீர்கள். இரண்டு பேருமே சரியாகத்தான் இருப்பார்கள். எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் அதைத்தான் பார்த்தேன். பூங்கா வேலிவரைக்கும்தான் அரசாங்க இடம். தெருவைத் தாண்டினால் பவானி வாடகை கொடுக்கும் கடை.

"அன்ரி, விளக்கை இங்க ஏத்தக்கூடாது. இது சர்க்கார் நிலம். பவானி கடை வாசல்ல ஏத்துங்க, நிறைகுடத்தையும் அங்க வைங்க. பேச்சை இங்க வச்சுக்கலாம். விளக்கு அங்க எரிஞ்சா இங்க நல்லது நடக்காதா?"

அன்ரி யோசித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம். "கடவுளுக்கு ஒரு தெருவைத் தாண்டத் தெரியாதோ?" என்று குடத்தைத் தூக்கினார். அடேயப்பா, எனக்கு உயிர் வந்தது.

"உங்களுக்குச் சம்மதமா முசியே?" என்றேன்.

"கடைக்குள் அவர்கள் என்ன செய்தாலும் எனக்கென்ன?" என்று அவர் உட்கார்ந்தார். கூட்டம் செல்லும் என்று எழுதிக்கொண்டேன்.

பவானி தன் கடை வாசலில் விளக்கை ஏற்றினாள். அந்த மங்கல் வெளிச்சத்தில் இரண்டு சுடர்களும் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் நாற்காலிகள் மண்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தன. முன்வரிசையில் இருந்த முசியே நிமிர்ந்தால் வாசல் வழியாக நேராக அந்த விளக்குதான் தெரியும். அவர் பார்த்தார். விளக்குக்குப் பக்கத்தில் நின்று பவானி வழக்கம்போல ஒரு சத்தம் போட்டாள். எங்கள் காலடியில் இருந்த சின்னவன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான்.

முசியே அவனைப் பார்த்தார், பிறகு விளக்கைப் பார்த்தார். "அங்கே நின்றுதான் அவர் பிள்ளைகளைப் பார்க்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாம் முசியே. எல்லாப் புதன்கிழமையும்."

அவர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். 'டமார்!' கதவில் தொங்கியவள் மறுபடியும் தன் வேலையைத் தொடங்கிவிட்டாள். முசியேவுக்குத் தோள் இரண்டும் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் டமார். மறுபடியும் தோள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விதியில் எனக்கு வாதாட வாய் இல்லை. ஆனால் கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. "முசியே, உங்களுக்குத் தொல்லை அந்த வாசலா, அந்தச் சத்தமா?"

"சத்தம்!" என்று வெடித்தார் மனிதர். "சத்தம்தான் மதாம்! நாற்பது வருஷம் ரயில் சத்தத்தில் வாழ்ந்தவன் நான். ஓய்வு பெற்றால் மத்தியானம் கொஞ்சம் தூங்கலாம் என்று நினைத்தேன். அந்த இரும்பு என் தலையணைக்குள் அடிக்கிறது!"

தெருவைத் தாண்டி வந்த பவானிக்குப் பிரெஞ்சு நன்றாகவே விளங்கும். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, உதுக்கோ? உதைச் சொல்லியிருந்தா அண்டைக்கே செய்திருப்பனே!"

கடைக்குள் ஓடினாள். ஒரு பழைய சேலைத் துண்டையும் பூக்கட்டும் நூல் உருண்டையையும் எடுத்து வந்தாள். கதவு வந்து மோதுகிற இரும்புத் தூணில் துணியை மடித்து வைத்து, மாலை கட்டுகிற அதே விரல் வேகத்தில் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். பிறகு மகளிடம், "இப்ப அடி, பாப்பம்" என்றாள்.

அவள் ஏறினாள், உந்தினாள். 'தொப்.' கைதட்டல் கிளம்பியது. முசியேவுக்கு நம்பிக்கை வரவில்லை. தானே எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். தொப். இன்னும் பலமாகத் தள்ளினார். தொப். அந்த வயதில் அவர் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "நானும் ஒரு முறை" என்று பிரெஞ்சில் கெஞ்சிக் கதவில் தொங்கியவள் அவர் கையை இழுத்தாள். தலைவி கையில் பாதி கடித்த ஆப்பிளை மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கூட்டம் ஒழுங்காக நடந்தது. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து புதன்கிழமைகளைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு பாதி தமிழில், பாதி பிரெஞ்சில். நான் ஒன்றும் சேர்க்கவில்லை, மொழிபெயர்த்ததோடு சரி. கடைசியில் முசியே எழுந்து, கோடு கடைகளின் முதுகுப் பக்கம் போகட்டும், தெற்கு வாசல் இருக்கட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நூல் நைந்தால் உடனே மாற்ற வேண்டும். "நீங்கள் வந்து கேளுங்கோ முசியே, நான் சும்மா தாறன்" என்றாள் பவானி. கோட்டை மக்கள் முன்னால் வரைந்து கையெழுத்துப் போட்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு குளிர் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு வடைச் சட்டியைத் திறந்தார்கள். பூங்காவுக்குள் சாப்பிடலாமா என்று வடக்குக் கட்டடத்தார் ஒருவர் தயங்கினார். வடைக்கு மதம் கிடையாது என்று முசியேதான் தீர்ப்புச் சொன்னார், இரண்டாவது வடையைக் கையில் வைத்துக்கொண்டு. தலைவி மூன்று தின்றாள். மறுநாள் அவள் மேஜை மேல் ஆப்பிளைக் காணோம்.

அந்தக் குழுவில் முசியேயும் பவானியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ கூட்டங்கள் சண்டை போட்டார்கள். நூலை மாற்றுவது மட்டும் தகராறில்லாமல் நடந்தது. அவர் பூக்கடைக்குப் போய் "மதாம், நூல்" என்பார். இவள் உருண்டையிலிருந்து அறுத்துக் கொடுப்பாள். சுற்றுகிற வேலையை அவரே கற்றுக்கொண்டார். நான் ஓய்வு பெற்ற பிறகும் கறிவேப்பிலை வாங்கப் போனால் அந்தக் கதவை ஒரு முறை தள்ளிப் பார்க்காமல் வரமாட்டேன்.

கதவில் தொங்கியவள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவள் உங்கள் நடுவில்தான் இருக்கிறாள். போன வருடம் கார்ஜ் மெரியில், பூங்காப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பெயரைச் சொன்னால் என்னைத் தொலைத்துவிடுவாள். சின்ன வயதில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். இப்போது என்னோடு தமிழில் கதைக்கிறாள். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். தன் முதல் கோட்டைப் போடப் போகிறாளாம்.

"கோடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"கடையளின்ரை முதுகுப் பக்கம் மதாம்."

"அங்க உக்காந்து சாப்பிட்டியா?"

"ஓம், ஒரு புதன்கிழமை முழுக்க இருந்தன். அங்கையும் ஒரு இரும்புக் கதவு இருக்கு. ஒரு சின்னப் பெட்டை அதிலை தொங்கித் தொங்கி அடிக்கிறாள், காது வெடிக்குது."

"திட்டினியா?"

கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இல்லை மதாம். அம்மாட்டை நூல் வாங்கிக்கொண்டு போனனான்."